மெட்ராஸ் ஐ கணக்கு

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். கோயமுத்தூரில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மீதிப் பேர் அதை வாங்கக் கடையில் நின்றார்கள். மெட்ராஸ் ஐ! ஒருத்தரை ஒருத்தர் “வா கண்ணு” என்று கூப்பிடக்கூட ஊர் பயந்தது.

டவுன்ஹாலுக்குப் பின்னால் குடியிருந்த கணக்கு விரிவுரையாளர் நரசிம்மலுவுக்கு மட்டும் தலைகால் புரியாத சந்தோஷம். நோய் பரவும் வேகத்தைச் சமன்பாட்டில் அடக்கலாம் என்று கல்லூரியில் நடத்துகிறவர். பாடமே தெருவில் நடந்து வந்தால் விடுவாரா? வீடு வீடாகப் போய் யாருக்கு எப்போது வந்தது என்று விசாரித்தார். புதன்கிழமை ஹாலில் கரும்பலகையை மாட்டி, மனைவி கோமளாவைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு கோமளா! சனங்கள மூணாப் பிரிச்சுக்கோணும். இன்னும் வராதவங்க, வந்தவங்க, வந்து தேறுனவங்க. வந்தவங்களையும் வராதவங்களையும் தனித்தனி ஊட்ல வெச்சுட்டா, நோய் அப்படியே படுத்துக்கும்!”

“ஏனுங்க, வந்தவங்க அத்தன பேரும் ஒரே ஊட்ல இருந்தா?”

“இருக்கட்டுமே! ஏற்கெனவே வந்தவங்களுக்குப் புதுசா என்னத்தக் குடுக்கப் போறாங்க?”

“அப்ப நம்ம ஊட்டுக்கு எப்பங்க வரும்?”

சாக்பீஸ் பலகையில் பறந்தது. “ஞாயித்துக்கிழமை!”

சொன்ன பிறகுதான் அவருக்கே பொறி தட்டியது. அன்றைக்குத்தான் கிணத்துக்கடவில் கோமளாவின் அண்ணன் அரங்கசாமி புது வீடு பால் காய்ச்சுகிறார். சொந்தபந்தம் ஒரு பட்டாளமே வரும். அவள் பெரியப்பா சுப்பண்ணனிடம் மாட்டினால், போர்வெல் போட்ட கதையைத் தண்ணீர் வரும்வரை சொல்லுவார். ஆயிரம் அடி! மெட்ராஸ் ஐ வந்தால் போக வேண்டாம். ஆகவே வந்தே தீர வேண்டும்.

அன்று ராத்திரியே அவர் தலையணையும் சோப்பும் தனியாக ஹாலுக்கு வந்துவிட்டன. உற்சாகத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஜவுளி வியாபாரி ரசாக்கைப் பார்க்கப் போனார்.

“கிட்ட வராதீங்க வாத்தியாரே, கண்ணு செக்கச்செவேல்னு இருக்குதுங்க!”

“தெரியுமுங்க பாய். உங்க துண்டக் கொஞ்சம் குடுங்க.”

“துண்டா? கடையில புதுசு அடுக்கிக் கெடக்குதுங்களே!”

“புதுசு வேண்டாமுங்க. நீங்க கண்ணத் தொடச்சதுதான் வேணும்.”

ரசாக் துண்டை நீட்டிவிட்டு ஏற இறங்கப் பார்த்தார். கண் வலியிலும் ஆள் சரியில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை. கண்ணாடியில் இரண்டு பழுத்த தக்காளிகள் நரசிம்மலுவைப் பார்த்தன.

“வந்துருச்சு! கோமளா, கணக்கு ஜெயிச்சுருச்சு!” துள்ளிக் குதித்தார். பிறகு நினைவு வந்து, குரலைச் சோகமாக்கிக்கொண்டார். “ஆனா விசேஷத்துக்கு நான் எப்படி வாரது...”

“ஐயோ, நீங்க வரவே கூடாதுங்க!” கோமளா பட்டுப்புடவையில் பெட்டியோடு நின்றாள். “நான் மட்டும் போறேன். உங்களுக்குத் தேறுற வரைக்கும் அண்ணன் ஊட்லயே இருந்துபோட்டு வாரேனுங்க.”

நரசிம்மலுவின் மனசுக்குள் நாதஸ்வரம் ஊதியது.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஆண்களும் பெண்களும் வரிசையாக இறங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் சுப்பண்ணன்.

“இ... இவங்க எதுக்கு?”

“அங்க மெட்ராஸ் ஐ வந்தவங்க இவங்கதானுங்க. விசேஷ ஊட்ல இருந்தா மத்தவங்களுக்கு ஒட்டிக்குமில்லீங்க? அதான், வந்தவங்க ஒரு ஊடு, வராதவங்க ஒரு ஊடு. அரிசி ஊறப் போட்டிருக்கேன், ஆட்டிக்கோங்க.”

காலியான வேனில் கோமளா ஏறிக்கொண்டாள். வேன் புழுதி கிளப்பிப் போயே விட்டது.

சுப்பண்ணன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார்.

“மாப்ளே, உங்க மூளையே மூளைங்க! ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் வந்துரும், அன்னைக்கே பொறப்பட்டு வந்துருங்கன்னு கோமளா புதங்கிழமையே எஸ்.டி.டி. போட்டுச் சொல்லிருச்சுங்க!”