காணாமல் போன பித்தளை உரல்

கையைத் தூக்கினால் பதினாறு சக்கர லாரியே நின்றுவிடும் என்கிற அளவுக்கு அதிகாரம் உள்ள ஒருவர், தன் வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்?

தன்தா நகரத்தில், ரயிலடிச் சந்தியில் போக்குவரத்துப் போலீசாக நிற்கிற ஷவ்கிக்குக் கால் மணி நேரம் ஆனது. மூத்தவள் நெஸ்மா தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி ரீஹாம் படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள்.

"அம்மா, பாபா தண்ணி கேக்கறாரு. குடுக்கலாமா?"

"குடுங்க, பாவம்," என்று கட்டிலிலிருந்து உத்தரவு வந்தது.

கட்டிலில் படுத்திருந்தது ராவியா. மகன் பிறந்து மூன்றாம் நாள். எழுந்து நடமாடக்கூட முடியாத நிலையில் படுத்தபடியே அவள் வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள். ஷவ்கிக்குத் தண்ணீர் இறங்கியது. அந்தப் 'பாவம்' மட்டும் தொண்டையில் நின்றுகொண்டது.

எல்லாவற்றுக்கும் அந்த உரல்தான் காரணம் என்பது அவருடைய முடிவு.

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். மாவு சலிக்கிற பெரிய சல்லடையில் பிள்ளையைக் கிடத்தி ஆட்டுவார்கள். தாய்க்காரி ஏழு தடவை தாண்டுவாள். அப்புறம் அடுக்களையில் மசாலா இடிக்கிற பித்தளை உரலைக் கொண்டுவந்து, காதோரம் டங் டங் என்று அடித்து, "அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேக்காத" என்று சொல்லுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். முதல் பெண்ணுக்குச் சொன்னபோது ஷவ்கியும் சிரித்தார். இரண்டாவதுக்குப் பாதி சிரித்தார். இப்போது சிரிப்பே வரவில்லை.

அடிக்கிறவர் மாடி வீட்டு அம்மாள் உம்மு ஆதிஃப். அவர் உரல் அடித்து அந்தக் கட்டடத்தில் இருபத்தேழு பிள்ளைகள் வளர்ந்தாயிற்று. ஒன்றாவது அப்பா பேச்சைக் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. அவர் வீட்டுக்காரருடைய குரல் எப்படி இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

'இவனாவது எனக்கு' என்று ஷவ்கி தீர்மானம் செய்தார். மறுநாள் காலை உரலைத் துண்டில் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடந்து போய்ச் சந்தியிலுள்ள போலீஸ் சாவடியில் ஒளித்துவைத்தார்.

சாயங்காலம் ராவியா, வழக்கம்போல மூத்தவள் பேரை வைத்துப் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அபூ நெஸ்மா, உரலைக் காணோம்."

"அய்யய்யோ. திருடன் வந்திருப்பானோ?"

"டிவியை விட்டுட்டு, என் வளையலை விட்டுட்டு, உரலை மட்டும் எடுத்துட்டுப் போனானா?"

"மசாலா இடிக்கிற திருடனா இருக்கும்."

ராவியா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பதினோரு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளின் பார்வை அது. "சரி," என்றாள்.

அந்தச் 'சரி'க்கு அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல், பிள்ளையைப் பார்க்க வந்திருந்த மாடி வீட்டு அம்மாளிடம் திரும்பி மேலே பேசினார். "உங்க வீட்டு உரல எடுத்துட்டு வந்துடாதீங்க உம்மு ஆதிஃப். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"எனக்கே முறை சொல்லித் தரியா நீ? இன்னொரு வீட்டு உரல அடிச்சா, பிள்ளை இன்னொரு வீட்டுப் பேச்சத்தான் கேக்கும். இங்க இருக்கறத வெச்சுதான் அடிக்கணும். இந்த வீட்ல சத்தம் போடறதுக்கா பஞ்சம்?" என்று உம்மு ஆதிஃப், ஒத்திகை பார்க்க அடுக்களை மூலையிலிருந்த காஸ் சிலிண்டரை முன்னால் இழுத்தார். ஸ்பேனரை எடுத்தார். டண், டண், டண்.

அந்தத் தெருவில் சிலிண்டர் வண்டிக்காரன் அப்படித்தான் தட்டிக்கொண்டு வருவான். நாலாவது டண் விழுவதற்குள் பால்கனிகள் திறந்துகொண்டன.

"ஏப்பா, மூணாவது மாடிக்கு ரெண்டு."

"எனக்கு ஒண்ணு. போன தடவ மாதிரி ஒழுகறதக் குடுத்துட்டுப் போயிடாத."

காலி சிலிண்டர்கள் படிக்கட்டில் உருண்டு இறங்கத் தொடங்கின. ஏறுகிறவர்களை வலப்பக்கமும் இறங்குகிறவர்களை இடப்பக்கமும் அனுப்பி, ஷவ்கி அன்றைக்கு வீட்டு வாசலிலும் வேலை பார்க்க வேண்டியதாயிற்று.

"சிலிண்டர் அடிக்கறது சட்டப்படி ஆபத்து," என்று தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப செம்புத் தட்டு இருக்கு," என்றாள் ராவியா.

மறுநாள் தட்டு சாவடிக்குப் போனது. குக்கர் மூடி இருக்கே என்றார்கள், அதுவும் போனது. கெட்டில், வாணலி, தோசைக்கல்லாட்டம் ஒரு ரொட்டிக்கல், பால் பாத்திரம், கரண்டிகள் என்று எது 'டங்' என்று சொல்லுமோ அதெல்லாம் பின்னாலேயே போயிற்று. ஆறாம் நாள் ஒரு கிராமத்துப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் சாவடிக்கு வந்து, "இந்தக் கெட்டில் என்ன விலைங்க?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் பசியோடு வீட்டுக்கு வந்த ஷவ்கிக்கு முதலில் தேநீர் வந்தது. அவர் சவரம் செய்கிற குவளையில் வந்தது.

"என்ன ராவியா இது?"

"பாத்திரத்தைத்தான் திருடன் தூக்கிட்டுப் போயிட்டானே. இருக்கறத வெச்சுதானே சமாளிக்கணும்."

அவருடைய வெள்ளைத் தொப்பியில் ரொட்டி அடுக்கியிருந்தது. மொச்சை நேற்று ராத்திரியே வெந்நீர் பிளாஸ்க்கில் போட்டு மூடியதில் வெந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக இரண்டு செங்கல் நடுவில் நிறுத்தி, அதன் மேல் நெஸ்மா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அதே பெட்டியில்தான் காலையில் அவர் சட்டை தேய்க்க வேண்டும். மூலையில் உம்மு ஆதிஃப் நாளைய விருந்தாளிகளுக்கான பருப்புக் கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தார். எதனால் என்று பார்த்தால், ஷவ்கியின் பூட்ஸ் குதிகால்.

"என் பூட்ஸா?"

"துடைச்சிட்டேன் அபூ நெஸ்மா. என்ன ஒரு குதிகால். வீட்ல இத்தனை நாளா சும்மாவே கிடந்திருக்கு."

எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் பாத்திரம் எங்கே என்று கேள்வி வரும். ஷவ்கி சவரக் குவளையைக் கையில் எடுத்தார். "நுரை நல்லா வந்திருக்கு," என்று சொல்லிக் குடித்தார். மறுநாள் அவர் சீருடையின் மார்பில் மஞ்சள் கருவில் ஒரு சின்னச் சூரியன் உதித்திருந்தது.

இருந்தாலும் ஏழாம் நாள் விடிந்துவிட்டது. தடை போட்ட சிலிண்டரை விட்டால், வீட்டில் டங் என்று சொல்ல ஒரு ஊசிகூட இல்லை. இனி என்ன செய்வார்கள்?

நாற்பது பேர் கூடினார்கள். பெண்கள் உள்ளே, ஆண்கள் வாசலில். உம்மு ஆதிஃப் தன் வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்த மொகாத் என்கிற பிள்ளைப்பேற்றுப் பானத்தின் நெய் மணம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. உப்புத் தூவினார்கள். பொடிசுகள் மெழுகுவத்தி பிடித்துப் பாடின. ராவியா சல்லடையை ஏழு தடவை தாண்டினாள். எல்லாரும் உம்மு ஆதிஃபைப் பார்த்தார்கள். அவர் வெறுங்கையை விரித்தார்.

"எதை அடிக்கறது? இந்த வீட்ல ஒரு கரண்டிகூட இல்ல."

"என்ன செய்றது," என்று ஷவ்கி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "இந்தப் பிள்ளைக்கு அந்த வார்த்தைய விட்டுடலாம்."

ராவியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "விடறதா? பிள்ளைக்கு ஒரு குறை வைக்கக்கூடாது. சத்தம் போட இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே. நாலு ரோட்டுக்கும் கேக்கற குரல். அபூ நெஸ்மா, இப்படி வாங்க. நீங்களே சொல்லுங்க."

"நானா? என்னன்னு சொல்ல?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அத."

உம்மு ஆதிஃப் வாயைத் திறந்தார். ராவியா அவர் கையை மெல்ல அழுத்தினாள். வாய் மூடிக்கொண்டது.

ஷவ்கிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மனசு மாறுவதற்குள் ஓடிப்போய்ச் சல்லடைப் பக்கத்தில் மண்டி போட்டார். மூச்சை இழுத்தார்.

"மகனே, அப்பா பேச்சைக் கேளு. அம்மா பேச்சைக் கேக்காத."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலிலிருந்த ஆண்கள், மனைவிமார் கண்ணில் படாமல் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தட்டினார்கள். ஷவ்கி எழுந்து நின்று மீசையைத் தடவினார். பதினோரு வருஷத்தில் முதல் வெற்றி.

பையன் வாயைத் திறந்தான்.

அப்பனுடைய குரல்வளம் அப்படியே வந்திருந்தது. பால் குடித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கு ராவியாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் குனியவில்லை. நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"எடுங்க. இனிமே உங்க பேச்சத்தானே கேப்பான்."

ஷவ்கி எடுத்தார். தோளில் போட்டார். மடியில் போட்டார். "ஷ்ஷ், அழாத," என்றார். "போதும்டா கண்ணு," என்றார். கடைசியில் லாரிக்குக் காட்டுகிற மாதிரி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பையன் சட்டைமேல் ஈரம் பண்ணினான். அழுகை நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் அதட்டிச் சொல்லிப் பாரு," என்றார் உம்மு ஆதிஃப்.

"ராவியா, பிள்ளைக்குப் பசி."

"இருக்கும்."

"வாங்கிக்கயேன்."

"நான் எப்படி எங்கிட்ட வாடான்னு கூப்பிடறது? அம்மா பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு நாப்பது பேர் முன்னால சொல்லியாச்சே. அப்பா சொன்னாத்தான் வருவான். எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க."

ஷவ்கி வாசலைப் பார்த்தார். ஆண்கள் எல்லாரும் திடீரென்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பையன் முகம் மாதுளையாகச் சிவந்துகொண்டிருந்தது.

"போடா," என்றார் ஷவ்கி. "அம்மாகிட்ட போ. அம்மா என்ன சொல்றாளோ அத... அதக் கேளு."

உம்மு ஆதிஃப் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். கூடமே சேர்ந்து குலவை போட்டது. ராவியா கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி முக்காட்டுக்குள் அணைத்தாள். ஒரு விக்கல், அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது.

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தாள்.

"அழகாச் சொன்னீங்க அபூ நெஸ்மா. இன்னைக்கு எல்லாமே ஏழு தடவதானே முறை? இவன் பால் குடிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னும் ஆறு தடவ சொல்லிடுங்களேன்."