தேர்ட் பார்ட்டி ஆகாது

டி.வி.யோடு இணைத்து விளையாடும் கேம் பெட்டி வாங்கியவர்களில் இரண்டு வகை உண்டு. விளையாடுகிறவர்கள் ஒரு வகை. நாம் பேசப்போவது இன்னொரு வகையைப் பற்றி. இவர்களும் விளையாடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் கேம் வந்த டப்பாவைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்ந்தது போல அச்சடித்திருக்கும் எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்து, இதைச் செய்தது பெட்டியைச் செய்த அதே கம்பெனிதானா அல்லது வேறு யாராவதா என்று தீர விசாரித்து, வேறு யாரோ என்று தெரிந்தால் ஒரு பெருமூச்சு விட்டு, டப்பாவை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். தீர்ப்பு சொல்லியாயிற்று. இனி விளையாடி என்ன பார்ப்பது?

இவர்களுக்குக் கம்பெனிக்காரர் என்று பெயர் வைக்கலாம். கம்பெனி இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. இப்படி ஒரு ஆள் இருப்பதே கம்பெனிக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பெட்டியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லட்டும், தாய்மாமனைத் திட்டியது போல முகம் சிவந்துவிடும்.

பாப்பாரப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் மாதவராஜ் இந்த இனத்தில் முதல் தரம். கடையில் பூச்சிமருந்து கேட்டு வருகிறவர்களிடம் "கம்பெனி சரக்கா, மத்ததா?" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய நாக்கு. கேமுக்கும் அதே கேள்விதான். கம்பெனி தானே செய்த கேம் தங்கம். வெளியாட்கள் செய்து அதே பெட்டிக்கு விற்கும் கேமுக்குத் தேர்ட் பார்ட்டி என்று பெயர், அது தகரம். கம்பெனி கேம் பாதியில் நின்றுபோனால், "ஊர்ல லோ வோல்டேஜுடா" என்பார். தேர்ட் பார்ட்டி நின்றுபோனால், "பாத்தியா?" என்பார். கம்பெனி கேம் சலிப்புத் தட்டினால், அதைப் புரிந்துகொள்ள ஒரு பக்குவம் வேண்டும். தேர்ட் பார்ட்டி சலிப்புத் தட்ட வாய்ப்பே இல்லை, அதை அவர் போட்டால்தானே?

அடுத்த தெரு கலைவாணன் ஒரு நாள் ஆசையாசையாகப் புது கேம் ஒன்றைக் கொண்டுவந்தான். மாதவராஜ் டப்பாவைத் திருப்பினார், படித்தார், கவிழ்த்தார்.

"தேர்ட் பார்ட்டிடா. ஆகாது."

"ஒரு தடவ வெளையாண்டு பாருங்கண்ணா."

"டப்பா மேல வெசம்னு போட்டிருந்தா, குடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணுமா?"

கலைவாணன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்படிப்பட்டவருக்குத் தொப்பூரில் ஒரு பெண் பார்த்தார்கள். பெயர் வெண்மதி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயிருந்தன. மாதவராஜும் அவற்றுக்காகப் பெரிதாக வருந்தவில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மனிதர் ஒரு நிலையில் இல்லை. உர மூட்டைக்குப் பில் போடும்போதும் சிரித்தார். இந்த இடம் முடிந்தாக வேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார். பெண் பார்க்கப் போன அன்று அம்மா சின்னம்மாள் வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"போற எடத்துல அந்தப் பொட்டியப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதடா."

சரி என்று தலையாட்டினார். காபி வரும்வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். பெண்ணின் அப்பா மாதேஸ்வரன், சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறவர். பேச்சுவாக்கில் சொன்னார்: "பாப்பாவுக்கு வேல கேம் செய்ற கம்பெனிலதாங்க. டி.வி.ல வெளையாடுவாங்களே, அது."

சின்னம்மாள் மகனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பயனில்லை.

"கேம்ல எது வேணா இருக்கட்டுங்க மாமா," என்று மாதவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தேர்ட் பார்ட்டி மட்டும் ஆகாதுங்க. சல்லிசாக் கெடைக்கும். நம்பி எறங்குனா நடுவழில உட்டுரும்."

மாதேஸ்வரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கேம் என்கிற சொல் அவர் காதோடு நின்றுவிட்டது. தேர்ட் பார்ட்டி என்கிற சொல் நேராக நெஞ்சுக்குள் போனது. தொப்பூர்க் கணவாயில் வண்டி விடுகிறவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.

"கரெக்டாச் சொன்னீங்க மாப்ள. போன ஆடில எம் பங்காளி வண்டி எறக்கத்துல ஒரு கார் மேல மோதிக் கவுந்து போச்சு. இன்சூரன்சு வெறும் தேர்ட் பார்ட்டி போட்டு வெச்சிருந்தான். மோதுபட்டவனுக்குப் பணம் வந்துச்சு. இவனுக்கு ஒண்ணுமில்ல. எப்பவும் ஃபுல் கவர்தானுங்க போடணும்."

பேச்சு எங்கேயோ தடம் மாறிப்போனது மாதவராஜுக்கும் தெரிந்தது. ஆனால் ஒருவர் தன்னை ஆமோதிக்கும்போது குறுக்கே புகுந்து விளக்கம் கேட்கிற வழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது. "ஆமாங்க மாமா" என்றார். மாமனாருக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. வெவரமான பையன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டார். அறை வாசலில் நின்ற வெண்மதி மட்டும் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் இரண்டு நிமிஷம் தனியாகப் பேசட்டும் என்றார்கள். வீட்டு முன்னால் நின்றிருந்த லாரி நிழலில் இரண்டு பேரும் போய் நின்றார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாதவராஜ் லாரியின் டயரைப் பார்த்தார். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"இப்ப கடைசியா வெளையாண்டதுல உங்களுக்கு ரொம்பப் புடிச்சது எதுங்க?"

இதைக் கேட்க ஒரு பெண் பிறந்து வந்திருக்கிறாளே என்று டயரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். யோசிக்கவே இல்லை. "'நைட் லோடு'ங்க. மழைல ஒருத்தன் லாரிய மலைய உட்டு எறக்கிட்டு வருவான். எறக்கத்துல பிரேக்கப் புடிச்சுப் புடிச்சு உடுவான் பாருங்க, அந்தக் காத்துச் சத்தம். நான் கண்ண மூடிக் கேட்டேங்க. நம்ம கணவாய்ல போற மாதிரியே இருந்துது. கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தாங்க. வேற எவனுக்குங்க வரும் அது?"

வெண்மதி லாரியின் மட்கார்டில் கை வைத்தாள்.

"இதுதாங்க அந்தச் சத்தம். இந்த வண்டிதான். மைக்க வெச்சுப் பதிவு பண்ணுனது நானுங்க. அந்தக் கேம் நாங்க செஞ்சதுங்க. எங்களது தேர்ட் பார்ட்டிங்க."

பாவம் மாதவராஜ். டப்பா இருந்திருந்தால் திருப்பிப் பார்த்திருப்பார். அந்தக் கேமை நேராக நெட்டிலிருந்து அல்லவா இறக்கினார். நன்றாக இருந்தது, ஆகவே கம்பெனி செய்தது என்று முடிவு கட்டிவிட்டார். இவர்களுடைய கணக்கில் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த இடத்தில் மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நல்லாருந்துதுங்க" போதும். கல்யாணம் முடிந்திருக்கும். அது அவர் நாக்கு நுனிவரை வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நுனியில் ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருந்தது.

"அப்படீங்களா," என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப, கம்பெனிக்காரங்க யாராச்சும் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க."

"பக்கத்துல நின்னது எங்கப்பாதாங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

உள்ளே மாதேஸ்வரன் நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற பேச்சில் இருந்தார். மகள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"வேண்டாங்கப்பா. அவங்க வூட்டுக்குப் போனா நாந் தேர்ட் பார்ட்டிங்கப்பா."

"ஏம்மா, மாப்ளயே ஃபுல் கவர்தான் போடச் சொல்றாரு."

"அது இல்லீங்கப்பா. நாளைக்கு நான் ஒரு ரசம் வெக்கிறேன். நல்லாருந்துதுன்னா, அவங்கம்மா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்துச்சும்பாரு. நல்லால்லைன்னா, வெளியாளு வெச்சதும்பாரு. எப்பிடி வெச்சாலும் எம் பேரு வராது."

மாதேஸ்வரனுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் மகள் குரலில் இருந்தது புரிந்தது. கை கூப்பி, பிறகு தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வரும் காரில் மாதவராஜுக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. போட்டோ சட்டைப் பையிலேயே இருந்தது. நல்லம்பள்ளி தாண்டியதும் ஒரு ஆறுதலைக் கண்டுபிடித்தார்.

"பொண்ணு கெட்டிக்காரிதாம்மா. கம்பெனில சேந்திருந்தா இன்னும் எங்கியோ போயிருக்கும்."

சின்னம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கப்பாரு இன்னைக்கும் எங் கொழம்பத் தின்னுட்டு, அவங்கம்மா கைப்பக்குவம்னுதாண்டா சொல்றாரு. அந்தம்மா எனக்கு ஒரு நாளும் ஒண்ணுஞ் சொல்லிக் குடுக்கல. நானும் அந்த வூட்டுக்கு வெளியாளுதான்."

மாதவராஜ் அதை யோசித்தார். யோசித்துவிட்டு, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

உங்களிடம் கேம் பெட்டி இல்லை. அந்தக் கம்பெனிகளின் பெயர்கூடத் தெரியாது. ஆகவே இதுவரை நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். சரிதான். இன்று மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது அல்லவா? யாருடைய கைப்பக்குவம் என்று சொன்னீர்கள்? சமைத்தவர் பக்கத்தில்தான் நின்றிருப்பார். போய்க் கேட்டுப் பாருங்கள், அவருக்கு ஞாபகம் இருக்கும்.