அரைவாளியாரும் ஒரு முழு வாளியும்

வருஷத்தில் பாதி நாள் வானம் ஒழுகிக்கொண்டிருக்கும் ஹட்டனில் இருந்துகொண்டு, தண்ணீருக்காக அரைவாளியாரைப் போல் ஊரையே பகைத்துக்கொண்ட மனிதர் இன்னொருவர் பிறந்திருக்கமாட்டார். பிறந்திருந்தாலும் அவரை அரைவாளியார் குளிக்க விட்டிருக்கமாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தபால்காரருக்கும் தெரியாது, அவருக்குத் தபால் வந்ததே இல்லை. கடைவீதிக்குப் பின்புறம், நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் வீட்டுக்காரரின் மளிகைக் கடைச் சுவரை ஒட்டி ஐந்து அறைகள் ஒரே வரிசையாக நின்றன. தேயிலைத் தோட்டத்து லய வரிசையை விட்டு டவுனுக்கு வந்தவர்கள் நாங்கள். வந்த இடத்திலும் லயம்தான், பெயர் மட்டும் வாடகை வீடு. நான் பக்கத்துப் பாடசாலையில் புதிதாகச் சேர்ந்திருந்த வாத்தியார். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதனால் வரிசையில் எல்லோரும் என்னை ‘மாஸ்டர்’ என்று மரியாதையாக அழைப்பார்கள். அரைவாளியாரும் அப்படித்தான் அழைப்பார், திட்டுவதற்கு முன்னால்.

ஐந்து அறைக்கும் குழாய் ஒன்று. அதற்கு நகரசபையின் மீட்டர் ஒன்று. பில் நானாவுக்கு வரும்; அவர் அதை ஐந்தாகப் பிரித்து எங்கள் தலையில் போடுவார். ஒரு நாள் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, கடையை விட்டு இறங்கி வந்தார்.

“இங்க பாருங்க, மாசத்துக்கு மாசம் ஏறிக்கிட்டே போகுது. இன்னொரு தடவ ஏறிச்சின்னா குழாய்க்குப் பூட்டுதான். பழையபடி எல்லாரும் ஆத்துக்கு எறங்குங்க.”

ஆற்றுக்கு இறங்கும் பாதையைப் பாதை என்று சொல்வது பாதைகளுக்கு அவமானம். மண்ணில் வெட்டிய படிகள். பாசி பிடித்துப் பாதி கரைந்து கிடக்கும். மற்ற நாலு வீட்டுக்கு அது தொல்லை. அரைவாளியாருக்கு அது வேறு.

டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் வாசக்கூட்டியாக இருந்தவர். லயத்து வாசலையும் சாக்கடைக் கானையும் கூட்டித் துப்புரவாக்குகிற வேலை. அவர் மனைவி ராக்காயி கொழுந்து எடுத்தவள். ஒரு மழை நாளில், மலைநீர் விழும் பீலியிலிருந்து குடத்தோடு ஏறும்போது அவள் சறுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போயிற்று. பீலிப் பாதைக்கு நாலு கல் படி போட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று அரைவாளியார், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் தோட்ட அதிகாரி கண்டாக்கைக் கேட்டார். பதிலாக, வேலையை நிறுத்தி வெளியே அனுப்பும் பத்துச்சீட்டு வந்தது. வேலை போனதும் லயத்துக் காம்பராவும் போயிற்று. முதுகில் மனைவி, கையில் ஒரு வாளி. அப்படித்தான் அவர் எங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தார்.

எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்த ராக்காயிக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க, தினம் வெந்நீரால் துடைத்துக் கழுவ வேண்டும். அதற்கு ஒரு முழு வாளி. அரைவாளியாருக்கோ இழுப்பு, வெறுங்கையோடு ஆற்றுக்கு இறங்கினாலே ஏற முடியாது. குழாய் போனால் ராக்காயி போவாள். இவ்வளவுதான் கணக்கு. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவரோடு சண்டை போடாமல் ஒரு நாள் கழிந்ததில்லை.

விடிந்ததும் குழாயடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வாளி பாதிக்கு மேல் நிறைந்தால் அவர் கை வந்து குழாயை மூடும்.

“அரை வாளி போதும்.”

“அண்ணே, வீட்டுல ஆறு பேரு!” என்பாள் டெய்லர் பெண்சாதி மீனாட்சி.

“ஆறு பேரும் ஒரே நாள்லயா அழுக்காவீங்க?”

நான் வாய் கொப்பளித்தால், “போதும் மாஸ்டர், வாய்க்குள்ள என்ன தேயில ஸ்டோர் மெஷினா ஓடுது?” முகம் கழுவினால், “மொகமா பெரட்டுக்களமா, இவ்வளவு தண்ணி ஊத்துறீங்க?” உள்ளே படுத்திருக்கும் ராக்காயியின் குரல் உடனே வரும்: “மாஸ்டரு, நீங்க கழுவுங்க. கல்யாணத்துக்கு மொத நாளு கடைசியா மொகம் கழுவுன மனுசன் அது!”

தண்ணீரில் அவர் சாதி பிரித்து வைத்திருந்தார். அரிசி களைந்தது முதல் தண்ணீர். அதில் சட்டி கழுவ வேண்டும். சட்டி கழுவியது இரண்டாம் தண்ணீர். அதில் வாசல் கழுவ வேண்டும். வாசல் கழுவியது ஓடிப்போய்க் குழாயடிச் சுவரோரம் அவர் நட்டிருந்த சவ்சவ் கொடியில் விழ வேண்டும். நடுவில் எந்தத் தண்ணீராவது கானுக்குத் தப்பிப் போனால், கள்ளனைத் துரத்துவது போல் அதன் பின்னால் போவார்.

மழைக்காலத்தில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. குழாயில் குளிக்கக் கூடாது. வானத்தில் குளிக்க வேண்டும். டெய்லர் சாமிநாதன் அண்ணன் அதை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டும் மழையில் இறங்கித் தலை முதல் கால் வரை சவுக்காரம் போட்டுக்கொண்டார். போட்டு முடித்ததும் மழை நின்றது. மலைக்காற்று வீச ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்று பற்களைத் தந்தியடித்துக்கொண்டு நின்றவர் குழாயைப் பார்த்தார். அரைவாளியார் முக்காலியை விட்டு எழவில்லை.

“கொஞ்சம் பொறு சாமிநாதா. அந்தா, மேகம் வருது.”

“அது ராத்திரிக்குத்தான் வரும்ண்ணே!”

“அதுவரைக்கும் சவுக்காரம் ஊறட்டும். அழுக்கு நல்லாப் போகும்.”

உள்ளேயிருந்து ராக்காயி சிரித்த சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது. கடைசியில் அவள் போட்ட சத்தத்துக்குப் பயந்துதான் டெய்லருக்கு அரை வாளி கிடைத்தது.

அந்த டெய்லரின் மூத்த மகள் பெரியவளானபோது சடங்கு வைத்தார்கள். மாமிமார் வரிசையாக நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். டெய்லருக்கு அக்காமார், தங்கச்சிமார் என்று கினிகத்தேனை வரைக்கும் ஆட்கள். அத்தனை பேரும் செம்போடு வந்து இறங்கியதைப் பார்த்ததும் அரைவாளியாருக்கு இழுப்பே வந்துவிட்டது. சடங்கை நிறுத்தச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. செம்புகளை வாங்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு மாமி கையிலும் சாயத்தண்ணித் தேநீர் குடிக்கும் கிளாஸ் ஒன்றைக் கொடுத்தார். பிள்ளையை ஒரு தகரத் தொட்டிக்குள் நிற்க வைத்தார். விழுந்த மஞ்சள் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து, ஐந்து வாசலையும் கழுவினார். ஒரு வாரத்துக்கு எங்கள் வரிசை மாரியம்மன் கோயில் போல மஞ்சளாக இருந்தது. வழியில் போன ஒரு கிழவி கும்பிட்டுவிட்டே போனாள்.

இப்படியெல்லாம் செய்தும் அவருக்குத் திருப்தி இல்லை. மூடிய பிறகும் குழாய் சொட்டியது. பக்கத்து லொறி கராஜில் ஒரு ஸ்பேனர் இரவல் வாங்கிவந்து, ஒவ்வொரு மாலையும் குழாயின் கழுத்தை நெரிக்க ஆரம்பித்தார். ஸ்பேனரில் தொங்குவார். கால் தரையை விட்டு எழும்பும். சொட்டு நின்ற பிறகுதான் இறங்குவார்.

“பாத்தீங்களா மாஸ்டர்? மூச்சு வுடல.”

பில் கூடவில்லை, ஒரு மாதம் சற்றுக் குறையவும் செய்தது. நானாவே வந்து, “ஒங்களுக்கு நகரசபையில வேல போட்டுக் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அரைவாளியார் யாரையும் திட்டவில்லை.

தை பிறந்தது. மழை நின்றது. காலையில் பனி கொட்டிப் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. ஊரில் எல்லார் வீட்டுக் கொடியும் காய்ந்து கயிறாகிவிட்டது. அரைவாளியாரின் சவ்சவ் கொடி மட்டும் பச்சைப் பசேலென்று கூரையேறிக் காய்த்துத் தள்ளியது. அவரே பறித்து வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார். “எல்லாம் மூணாந்தண்ணி செஞ்ச வேல” என்று கொடியைக் காட்டிப் பிரசங்கம் செய்தார். நாங்களும் பொரியல் செய்து சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டினோம்.

பிறகு பில் வந்தது. நானா அதை வாசிக்கவில்லை; எங்கள் முன்னால் நீட்டிப் பிடித்தார். முன்னைய பில்லின் இரண்டு பங்குக்கு மேல்.

அரைவாளியார் மீட்டரைப் பார்த்தார். எல்லார் வாளியும் காலியாக இருக்க, குழாய் மூடியிருக்க, அதன் முள் நகர்ந்துகொண்டிருந்தது. அவருடைய பார்வை மெதுவாகச் சுவரோரம் போனது. மண்வெட்டியை எடுத்துக் கொடியடியில் கொத்தினார். மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. தினம் ஸ்பேனரில் தொங்கித் தொங்கி முறுக்கியதில், தரைக்கடியில் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது.

அறைக்குள்ளிருந்து ராக்காயிதான் கேட்டாள்: “ஏங்க, ஊருக்கெல்லாம் அரை வாளி, கொடிக்கு மட்டும் ஆறா?”

அரைவாளியார் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பைப்பைச் சரிசெய்து கொடுத்தாலும், அந்தப் பில் தீரும்வரை குழாய்க்குப் பூட்டு என்றார் நானா. எங்களால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கட்ட முடிந்தது. பெண்கள் ஆற்றுக்கு இறங்கினார்கள். பாடசாலை விட்டு வந்ததும் நானும் இறங்கினேன். ஏறி வருகிற ஒவ்வொருவரும் முதலில் அரைவாளியார் வாசலில் வாளியை வைத்தோம். அவர் மூச்சிரைக்க எழுந்து வந்து சொல்வார்:

“அரை வாளி போதும்மா. மேட்டுல தூக்கிட்டு வாரீங்க.”

அதே சொல்தான். இதற்கு முன் அதைக் கேட்டு எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறோம். இப்போது மீனாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஆற்றிலும் தண்ணீர் இளைத்துவிட்டிருந்தது, கலங்கி வந்தது. விறகு நனையாத காலம்தான், ஆனால் வெந்நீர் போட அதை வாங்கக் காசில்லை. ராக்காயிக்குப் புண் வந்தது, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொண்டுவந்தோம். ஒரு மாலை நான் எட்டிப் பார்த்தபோது, அவள் என்னிடம், “மாஸ்டரு, நான் போயிட்டா இவருக்குப் பில்லு கொறையும்” என்று சொல்லிச் சிரித்தாள். கட்டில் கிறீச்சிடவில்லை. அதை அசைக்கிற அளவுக்கு உடம்பில் கனம் இல்லை.

மாசியில் அவள் போய்விட்டாள்.

நானா கடையை அடைத்துவிட்டு வந்தார். சாவி போட்டுக் குழாயைத் திறந்தார். “மௌத்தான வீட்டுக்குத் தண்ணி இல்லன்னா நான் யார் மொகத்துல முழிக்கிறது” என்றார், யாரையும் பார்க்காமல். அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கப் போன மீனாட்சி, பழக்கத்தில், வாளி பாதி நிறைந்ததும் குழாயை மூடிவிட்டாள்.

“ரொப்பும்மா,” என்றார் அரைவாளியார். “முழுசா ரொப்பு.”

அதன் பிறகு அவர் குழாயடிக்கு வரவில்லை. நானா குழாயைத் திரும்பப் பூட்டவில்லை, முக்காலி காலியாக இருந்தது. எங்கள் இஷ்டத்துக்குக் கொப்பளித்தோம். முழு வாளி பிடித்தோம். ஆனால் யாருக்கும் குளித்த மாதிரி இல்லை. டெய்லர் அண்ணன் குழாயடியில் நின்று அரைவாளியாரின் மூடிய கதவைப் பார்ப்பார். பிறகு தானாகவே பாதியில் மூடிவிட்டுப் போவார். சோறு கொண்டுபோய் வைத்தால் அரைவாளியார் பாதியைச் சாப்பிடுவார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் நான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாளி நிறைந்தது. வழிந்தது. வாசலில் ஓடி, அவர் கதவடியை நனைத்து, கானுக்குள் இறங்கியது. மீனாட்சி எட்டிப் பார்த்து, “மாஸ்டருக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்றாள். நான் மூடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தண்ணீரை நான் வீணாக்கியதில்லை.

கதவு திறந்தது.

“மாஸ்டர்!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இழுப்போடு ஓடி வந்தார். “படிச்ச மனுசனுக்குக் கொழாய மூடத் தெரியாதா? ஒங்க அப்பன் வெட்டுன ஆறா இது?”

குழாயை மூடினார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வழியவிட்ட தண்ணீர் என் கணக்கில் ஏறியதால், அந்த மாதப் பில்லில் என் பங்கு கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதைப் போல் சந்தோஷமாக வேறெந்தப் பில்லையும் நான் கட்டியதில்லை.