நான் முறுமுறுப்பை விட்ட லெந்து

நன்றி சொல்லப் பழகுவது நல்லதுதான். ஆனால் எங்கே நன்றி சொல்ல வேண்டும், எங்கே வாயைத் திறந்து கத்த வேண்டும் என்று தெரியாத ஆளுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. (எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். இதையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். மறைமலைநகர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வருகிற பீஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதே வேலையை வீட்டில் இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன். சாம்பாரில் புளி தூக்கல், சுவரில் ஈரம், ரயிலில் கூட்டம், பக்கத்து வீட்டு நாய்க்குக் குரல் சரியில்லை. ஒருநாள் என் மனைவி ஷீபா தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"உங்களுக்கு மோட்சமே கெடச்சாலும், கதவு கிரீச்சுனு சத்தம் போடுதுன்னு சொல்லிகினுதான் உள்ள போவீங்க."

அது என்னைச் சுட்டுவிட்டது. அப்போதுதான் லெந்து காலம் தொடங்கியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு அது. எங்கள் ஆட்கள் கறி, மீன், சினிமா என்று ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். கறியை விடலாமா என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கண் முன்னால் வந்து நின்றது. ஆகவே வேறு ஒன்றை விடுவது என்று முடிவெடுத்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் செய்தார்களே, முறுமுறுப்பு, அதை. இந்த நாற்பது நாளும் எதைப் பற்றியும் குறை சொல்வதில்லை, எது வந்தாலும் கடவுளுக்கு நன்றி, எங்கள் பாஷையில் ஸ்தோத்திரம், மட்டும்தான்.

இதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் போல, சாட்சி நேரத்தில் எழுந்து சபை முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டேன். போதகர் கண் கலங்கிவிட்டார். அடுத்த வாரப் பிரசங்கத்தில், "நம்ம எட்வின் தம்பியப் பாருங்க" என்று என்னையே உதாரணம் காட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஷீபா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை.

கறியை விட்டிருந்தால் நான் மட்டும் கஷ்டப்பட்டிருப்பேன். முறுமுறுப்பை விட்டதில் குடும்பமே கஷ்டப்பட்டது. டீ ஆறிப்போயிருந்தால், "நாக்கு சுடல, ஸ்தோத்திரம்" என்பேன். மோட்டார் ஓடாவிட்டால், "கரண்டு மிச்சம், ஸ்தோத்திரம்." (கம்பெனியில் கீறல் விழுந்த பீஸை மட்டும் வழக்கம் போலத் தள்ளினேன். பக்தி அந்த அளவுக்கு முற்றவில்லை.) அது போதாதென்று, வீட்டில் மற்றவர்களும் குறை சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டேன். எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஆறு வயது. "ஷூ கடிக்குதுப்பா" என்றால், "காலு இருக்குதே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்பேன். குழந்தை ஒரு வாரம் நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனது.

இந்த லட்சணத்தில்தான் ஷீபாவின் பரீட்சை வந்தது.

அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அரசு நர்ஸ் வேலைக்கான தேர்வு அது. அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. விட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் அந்தக் கதவு கிடையாது. நைட் டியூட்டி முடித்து வந்து, வீங்கிய காலை முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, அரிசி டின் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தாள். குழம்பு கொதிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அவள் எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தேர்வு மையம் மாமல்லபுரத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி. சனிக்கிழமை காலை எட்டரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் வந்தாலும் விடமாட்டார்கள். பஸ்ஸில் போய்விடலாம் என்று முந்தின நாளே ஷீபா சொன்னாள். நான் ஸ்கூட்டரில் பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். நம்பிக்கையோடு பேசு என்று புத்தி வேறு சொன்னேன்.

காலையில் வண்டியை வெளியே எடுத்ததும் அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க, பின் டயருல காத்து கம்மியா கீது பாருங்க."

"கம்மின்னு சொல்லாத ஷீபா. இருக்கிற காத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லு."

அவள் ஜெனியை மாடி வீட்டில் விட்டுவிட்டு, ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். எங்கள் செங்கல்பட்டு கொளவாய் ஏரியைத் தாண்டும்போதே வண்டியின் பின்புறம் லேசாக ஆடியது. நான் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினேன்.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி. ரோடு முழுக்கப் பரப்பிக்கொண்டு ஆடி அசைந்து போனது. முந்தப் பார்த்தால் எதிரே பஸ்.

"ஹாரன் அடிங்க," என்றாள் ஷீபா.

நான் அடிக்கவில்லை. ஹாரன் என்பது வண்டியின் முறுமுறுப்பு என்று அந்த லெந்தின் முதல் வாரமே ஒரு தத்துவம் கண்டுபிடித்திருந்தேன். (இதையும் சபையில் சொல்லிப் பாராட்டு வாங்கியிருந்தேன்.) "பொறுமையா போறாரு பாரு. நமக்கும் பொறுமை கத்துக் குடுக்கிறாரு," என்றேன். வைக்கோல் பறந்து வாய்க்குள் விழுந்தது. மணி எட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகுவது தெரிந்தது. என் கட்டைவிரலும் ஹாரன் பக்கம் போனது. ஆனால் போதகர் கண் கலங்கியதை நினைத்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் லாரி ஒதுங்கியது. நான் வேகம் எடுத்தேன். சவுக்குத் தோப்பு ஓரத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்து, தடதடவென்று அடித்து நின்றது. பின் டயர் தரையோடு தரையாகச் சப்பிப்போயிருந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரு கடைகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷன் தலையில் கை வைத்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நல்லவேளை, பஞ்சரோட போச்சு. விழுந்து கிழுந்து வெச்சோமா? ஸ்தோத்திரம்."

ஷீபா வண்டியிலிருந்து இறங்கினாள். ஹால் டிக்கெட்டை ஒரு முறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யோவ்," என்றாள்.

கல்யாணமாகி அதுவரை என்னை "இன்னாங்க" என்று மட்டுமே கூப்பிட்டவள்.

"டயரு சப்பையா கீதுன்னு காலையிலயே சொன்னேன். ஹாரன் அடின்னு சொன்னேன். நேத்தே பஸ்ஸுல போலாம்னு சொன்னேன். நான் சொல்றது எல்லாமே உனக்கு முறுமுறுப்பா? நீ நல்லவன்னு பேரு வாங்க என் வேலையாய்யா கெடச்சுது?"

அவள் குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது. எனக்குப் பயம் வந்தது. அந்தப் பரீட்சை போய்விட்டால் அவள் என்னை மன்னித்துவிடுவாள் என்று தெரியும். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஆனாலும் பாருங்கள், பழக்க தோஷம். ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. சிரித்த முகத்தோடு கையை உயர்த்தினேன். நான் யாரையோ வழியனுப்புகிறேன் என்று நினைத்து டிரைவர் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்து ஒரு கார் நிற்காமல் போனது. "பாவம், அவங்களுக்கு இன்னா அவசரமோ" என்று வாய் தானாகச் சொன்னது. ஷீபா என்னைத் தள்ளிவிட்டு நடுரோட்டில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

வந்த குட்டியானை, அந்தச் சின்னச் சரக்கு வண்டி, கிறீச்சிட்டு நின்றது. செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீனைப் போட்டுவிட்டுக் காலிக் கூடைகளோடு கடற்கரைக்குத் திரும்புகிற வண்டி. முன்னால் டிரைவரும் மீன் விற்கிற ஓர் அக்காவும் இருந்தார்கள்.

"இன்னாம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றார் டிரைவர்.

"பரீச்சைங்கண்ணா. எட்டரைக்கு கேட்டு மூடிடுவாங்க. இவரால வண்டி பஞ்சரு. இவரால எல்லாமே பஞ்சரு."

அந்த அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். டிரைவர் என்னைப் பார்த்து, "அண்ணாத்த, நீ பின்னால கூடையாண்ட ஏறிக்க" என்றார்.

ஸ்கூட்டரை ஓரமாகப் பூட்டிவிட்டு ஏறினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் கூடையிலிருந்து மீன் தண்ணீர் என் மேல் தெளித்தது. கேபினின் பின் ஜன்னல் வழியாக ஷீபா பேசுவது முழுக்கக் கேட்டது. நாற்பது நாள் நோன்பில் பாதிக்கு மேல் சேர்த்து வைத்திருந்ததை அவள் மூச்சு விடாமல் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான் உன் வூட்டுக்காரரு சிரிச்சிகினே நின்னாரா?" என்று அக்கா கேட்டார். "குறையே சொல்லாத நோம்பா? நல்லாருக்கே. ஐஸு பத்தலன்னு எங்க வூட்ல எவனும் வாயத் தொறக்கலன்னா, மீனு அத்தினியும் நாறிப்பூடும்."

டிரைவர் சிரித்துக்கொண்டே ஹாரனில் கையை வைத்தவர், கல்லூரி வாசல் வரை எடுக்கவே இல்லை.

வாசலில் கூட்டம். பெரிய இரும்பு கேட்டை காவலாளி தள்ளி மூடிக்கொண்டிருந்தார். ஷீபா குதித்து ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கேட் சாத்திவிட்டது.

"டைம் முடிஞ்சிடுச்சும்மா. தொறக்க ஆர்டர் இல்ல," என்றார், பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டி.

நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தேன். என் வாயில் முதலில் வந்தது, "ஐயா, வெயில்ல நின்னு வேலை பாக்கறீங்க, ரொம்ப நன்றி" என்பதுதான். அவர் நன்றியை வாங்கிக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டார்.

ஷீபா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரிசி டின் மேல் சாய்ந்திருந்த புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குள் ஏதோ ஒன்று பொத்துக்கொண்டது.

அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். கம்பெனியில் பீஸைப் பார்க்கிற அதே கண். பிறகு என் போனைப் பார்த்தேன்.

"யாருய்யா இந்தக் கடிகாரத்த மாட்டுனது?" என்றேன். என் குரலை நானே பல நாள் கழித்துக் கேட்டேன். "அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடிகினு கீது. எல்லாரும் போன எடுத்துப் பாருங்க. இன்னும் எட்டரை ஆவல. ஓடற கடிகாரத்த சரியா வெக்கத் தெரியல, வயித்துப் பொழப்புக்கு வந்த பொண்ணுங்கள வெளிய நிறுத்தத் தெரியுதா? மெயின் ரோட்ல ஒரு போர்டு கீதா? வெச்ச அம்புக்குறியும் முட்டுச்சந்தக் காட்டுது. தாழ்ப்பாள் துரு. கேட்டு கோணல். குடிக்கத் தண்ணி எங்க?"

அதற்குப் பிறகு சொன்ன இரண்டு வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சுற்றியிருந்த பெற்றோர்கள் எல்லோரும் போனை எடுத்துப் பார்த்து என்னோடு சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "தொறங்க" என்றார். ஷீபா உள்ளே பாய்ந்தாள். அவள் பின்னாலேயே, முகத்தைக்கூடப் பார்க்க விடாமல், இன்னொரு சின்னப் பெண்ணும் ஓடியது.

நான் நெற்றியைத் துடைத்தேன். கையோடு மீன் செதில் வந்தது.

"எட்வின்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினால் எங்கள் போதகர். வெள்ளை அங்கி இல்லை, பேன்ட் சட்டையில் வியர்த்து நின்றார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. எப்போதிலிருந்து நிற்கிறார் என்று கேட்கத் தைரியம் இல்லை.

"ஐயா, நோன்பு..." என்று இழுத்தேன்.

"ரெண்டாவதா ஓடினது என் பொண்ணுதான் தம்பி," என்றார். "கைக்கடிகாரம் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கிட்ட குடுத்துட்டு வர்றதுக்குள்ள மூடிட்டாங்க. நான் ஓரமா நின்னு ஜெபம் பண்ணிகிட்டு இருந்தேன். அந்தக் கடிகாரத்த நான் நிமிர்ந்துகூடப் பாக்கல." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா சொன்ன ரெண்டு வார்த்தை மட்டும் கொஞ்சம் அதிகம்" என்றார்.

பரீட்சை முடியும்வரை மதில் ஓரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன். என் மேல் அடித்த மீன் நாற்றத்துக்கு அவர் முறுமுறுக்கவில்லை. அவள் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, மெதுவாக ஸ்தோத்திரம் என்றேன். அந்த லெந்து முழுக்கச் சொன்னவற்றில் அதுதான் நான் உண்மையாகச் சொன்ன முதல் ஸ்தோத்திரம்.

மறுநாள் சாட்சி நேரத்தில் ஷீபா எழுந்தாள். டயர் முதல் தாழ்ப்பாள் வரை ஒன்று விடாமல் சொன்னாள். சபை சிரித்ததில் ஆர்மோனியக்காரர் பாட்டைத் தொடங்க முடியவில்லை.

அவள் தேர்வில் பாஸாகி, இப்போது செய்யூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். சபையில் எனக்கு ஒரு பதவியும் வந்துவிட்டது. மின்வாரியத்துக்குப் புகார் கொடுக்க வேண்டும், தண்ணீர் லாரிக்காரரிடம் சண்டை போட வேண்டும் என்றால், "எட்வின அனுப்புங்க" என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரவு ஜெபத்துக்கும் ஒரு முறை உண்டாகிவிட்டது. முதலில் ஆளுக்கு ஒரு குறை சொல்லித் தீர்த்துவிட வேண்டும், அதன் பிறகுதான் நன்றி. ஜெனி வளர்ந்துவிட்டாள். ஆனாலும் இன்றுவரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இப்படித்தான் முடிக்கிறாள்:

"சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். அம்மாவோட வேலைக்காக ஸ்தோத்திரம். அத வாங்கிக் குடுத்த அப்பாவோட கெட்ட வாய்க்காக ஸ்தோத்திரம்."

ஷீபாதான் முதலில், சத்தமாக, ஆமென் சொல்கிறாள்.