முந்தி மெஷினில் இருக்கிறது

ஆரணி,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை.

பெரணமல்லூர் பட்டு ஜவுளி வியாபாரம் லோகநாதன் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை பரிமளாவின் கணவன் தனசேகரன் மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மெஷினும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டம்மா ராஜம்மாள் அக்காவும், தற்சமயம் உங்கள் வசம் இருக்கும் என் மனைவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பரிமளா கோபத்தில் முட்டிவலி மாத்திரையை அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதையும் இந்தக் கடிதத்தையும் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற மணவாளன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டியது. கடிதம் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். பரிமளாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டவும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "சொல்லுங்க மாப்ளே" என்கிறீர்கள், நான் சொல்ல வாயைத் திறந்தால் நீங்களே சொல்லிக்கொண்டு போகிறீர்கள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. போன வெள்ளிக்கிழமை பரிமளா கட்டைப்பையோடு உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து நான் எத்தனை முறை போன் செய்தும் நீங்கள் சொல்வது ஒன்றுதான். "அதே புடவை மாப்ளே. அதே ஜரிகை, அதே தரம், ஒரு இழை கொறயக் கூடாது. எடுத்துகினு வாங்க, என் தங்கச்சிய இட்டுகினு போங்க." மின்வாரியத்துப் பென்ஷன்காரன் அந்தத் தரத்தில் அசல் ஜரிகைப் புடவைக்கு எங்கே போவேன். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லி அவளை அனுப்பிவையுங்கள்.

இது எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு முக்காலி. தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்க முட்டி மடங்கவில்லை, "ஒரு முக்காலி வாங்கினு வாங்க" என்று பரிமளா கேட்டாள். பஜாரில் பிளாஸ்டிக் முக்காலி கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு அவள் வீட்டில் இருந்திருப்பாள். ஆனால் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிற ஒரு மனிதன் பெண்டாட்டிக்கு ஒரு முக்காலியைக் கூடச் செய்துகொடுக்கவில்லை என்றால் நன்றாகவா இருக்கும், நானே மரத்தில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மரம் என்றால் அறுக்க வேண்டும், அறுக்க வேண்டும் என்றால் ரம்பம் வேண்டும், கைரம்பம் என்றால் என் தோள்பட்டை ஒத்துழைக்காது. அந்தச் சமயம் பார்த்துத் தேசூரில் ஒரு மூடிப்போன மரவாடியில் பழைய பேண்ட்சா மெஷின் ஒன்று புடலங்கொடி படர்ந்து கிடப்பதாக மணவாளன் சொன்னான். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ரிப்பன் மாதிரி ஒரு ரம்பப் பட்டை ஓடும், மரத்தை அதன் முன்னால் தள்ளினால் போதும், வெண்ணெய் மாதிரி அறுக்கும். வார்ப்பிரும்பு. எங்கள் அப்பா காலத்துக்கும் முந்தியது. புடலங்கொடியோடு சேர்த்தே கொடுத்தார்கள்.

வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது காலை நேரம். தெரு முழுக்க எதிர்வீட்டு ஜெயம் அக்கா வீட்டுத் தறிப் பாவு நீட்டிக் கிடக்கிறது, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பட்டு இழை, ஆளுக்கொரு பக்கம் நின்று கஞ்சி போட்டு நீவிக்கொண்டிருக்கிறார்கள். மணவாளன் ஹாரன் அடித்தான். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா சார், ரோடுன்னு சொன்னீங்க, நூலு கட்டி வச்சிக்கினு கீறாங்க" என்றான். பாவு காய்ந்து சுருட்டுகிற வரைக்கும் இந்தத் தெருவில் கலெக்டர் வந்தாலும் நிற்க வேண்டியதுதான் என்று அவனுக்கு விளக்கினேன். வெயில் ஏறும்வரை மெஷின் தெருமுனையில் நின்றது, போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஏதோ ரைஸ்மில் வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள், பரிமளா அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

உள்ளே கொண்டுவந்து நிமிர்த்தினால் மெஷினின் தலை உத்தரத்தில் இடிக்கிறது. நல்லவேளை, அப்பா உட்கார்ந்து நெய்த தறிக்குழி அந்த அறையில் மூடாமல் அப்படியே இருந்தது, மெஷினின் காலை அதில் இறக்கினோம், அளவெடுத்துத் தோண்டினது போலப் பொருந்திவிட்டது. பிறகு துருவை எடுக்க வேண்டும். துருவுக்குப் புளி நல்லது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு புளி என்று யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு வாங்கி வைத்த புளி முழுக்க அண்டாவில் கரைந்தது. சக்கரத்துக்குச் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன். ரம்பம் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கெட்டியான மரக்கட்டை வைக்க வேண்டும், அதற்குப் பூரிக்கட்டையைத் துண்டாக்கினேன். பரிமளா வந்து பார்த்தாள். "ஏங்க, முக்காலி எப்ப வரும்?" என்று மட்டும்தான் கேட்டாள். நாளைக்கு என்றேன். அந்த மாதம் முழுக்க நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் ரசமில்லாமல் பூரியில்லாமல் ஒத்துழைத்தாள்.

இப்போது எழுதப்போகிற விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும், என்னோடு வேலை பார்த்தவர்கள் காதுக்குப் போக வேண்டாம். ஆயுசெல்லாம் கம்பம் ஏறிய நான் மோட்டாருக்கு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் சக்கரம் தலைகீழாகச் சுற்றி, கீழே இறங்கி அறுக்க வேண்டிய ரம்பம் மேலே ஏறி, பலகையைத் தூக்கி உத்தரத்தில் அடித்துவிட்டு, தானும் அறுந்து மூலையில் போய்ச் சுருண்டு படுத்தது. இந்த நீளத்துக்குப் பட்டை இப்போது வருவதில்லை, சொல்லித்தான் செய்ய வேண்டும், ஆடி கழியட்டும் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். நானோ நாளைக்கு முக்காலி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அறுந்த பட்டையை எடுத்துக்கொண்டு நகை வேலை செய்கிற உதயாவிடம் போனேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒட்டலாம்ணே. வெங்காரம் வச்சி வெள்ளிப் பொடி போட்டு ஊதினா புட்சிக்கும். வெள்ளி இருந்தா குட்த்துட்டுப் போங்க" என்றான்.

மச்சான், பரிமளாவின் கொலுசு இருந்தது, குங்குமச் சிமிழ் இருந்தது, நான் தொடவில்லை. பெண்டாட்டி நகையில் கை வைக்கிறவன் நான் இல்லை. வீட்டுக்கு வந்தால் இன்னொரு கஷ்டம் காத்திருந்தது. பட்டுப்புடவைகளைக் காற்றாட நிழலில் உலர்த்தச் சொல்லிவிட்டு அவள் பக்கத்துத் தெரு சிநேகிதி ஹேமலதா வீட்டுக்குப் போயிருந்தாள். நம் வீட்டில் நிழலும் காற்றும் உள்ள இடம் அந்த அறைதான், சுத்தமான இடம் என்றால் நான் புளி போட்டுத் தேய்த்த மேல்சக்கரம்தான், அதில் உலர்த்தியிருந்தேன். என் அறுபதாம் கல்யாணத்துக்கு நீங்கள் சீர் கொண்டுவந்த அரக்குப் பட்டின் முந்தியில் உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ். அப்போதுதான் நீங்கள் அன்றைக்கு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "என் தங்கச்சிக்கு அசல் ஜரிகை. தீயில போட்டாலும் வெள்ளிதான் வரும்." முந்நூறு பேர் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஆக இந்த யோசனை என்னுடையது இல்லை, உங்களுடையது. கறைபட்ட இடமும் போகும், வெள்ளியும் கிடைக்கும், பரிமளா உயரம் குறைவானவள், முந்தி ஒரு முழம் குறைந்தால் நடக்க வசதியாகத்தான் இருக்கும் என்று நினைத்து வெட்டினேன். மொட்டைமாடியில் கொளுத்தினேன். சாம்பலில் கிடைத்தது சற்றுச் சிவப்பாக இருந்தது, சூடு ஆறவில்லை போல என்று பொட்டலம் கட்டி உதயாவிடம் கொடுத்தேன். சாயங்காலமே அவன் பட்டையை ஒட்டிக் கொடுத்துவிட்டான். தடவிப் பார்த்தால் ஒட்டின இடம் தெரியவில்லை.

மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. நான் மெஷினில் பட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறேன், அவள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க, முந்தி எங்க?"

"எந்த முந்தி?"

"இந்தப் பொடவையோட முந்தி."

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "மெஷின்ல இருக்கு" என்றேன்.

அவள் மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து வேறு புடவை மாற்றிக்கொண்டாள். "சரி. அதுங்கூடவே இருங்க. ஜல்தியா முக்காலி செஞ்சி அதும்மேல ஒக்காந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டைப்பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். கத்தவே இல்லை மச்சான், அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

அவள் போன பிறகு முக்காலி செய்தேன். அறுத்தது வேப்பம்பலகை. மெஷின் சத்தமே இல்லாமல் ஓடுகிறது, பட்டை கம்பீரமாக நிற்கிறது. உங்கள் ஜரிகை அசல் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். மட்ட ஜரிகையாக இருந்தால் முதல் சுற்றிலேயே அறுந்து போயிருக்காதா. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அந்த ஒட்டைக் காட்டி, எங்கள் மச்சான் எடுத்துக்கொடுத்த புடவை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முக்காலியில் ஒரு கால் லேசாக ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறேன். நேற்று அதில் உட்கார்ந்து நானே கத்தரிக்காய் நறுக்கிப் பார்த்தேன், உயரம் பரிமளாவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் வீடு நன்றாக இல்லை மச்சான். மெஷினைப் போட்டால் அதை நிறுத்துங்கள் என்று சொல்ல ஆள் இல்லை, நானே போட்டு நானே நிறுத்திக்கொள்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, இதை எழுத வெட்கப்படவும் இல்லை. அந்தத் தரத்தில் புடவை எடுக்க எனக்குச் சக்தி கிடையாது, அவ்வளவு உயர்ந்த பொருளை எரித்தது தப்புதான், பெரிய மனது பண்ணி அவளை அனுப்பிவையுங்கள்.

ராஜம்மாள் அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் வியாபாரம் மேலும் மேலும் பெருகவும், உங்கள் கைராசி எங்கள் குடும்பத்துக்கும் ஒட்டிக்கொள்ளவும் ஆரணியிலிருந்தே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்காகக் காத்திருக்கும்,
தனசேகரன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உதயா வந்தான், அதனால் மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். உரக்கப் படித்துக் காட்டச் சொன்னதை ரத்து செய்துவிட்டு, வாசலுக்கு வந்து தனியாகப் படிக்கவும். முக்காலியைப் பார்த்துவிட்டு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, ஒன்னு சொல்லணும், கோச்சுக்காதீங்க. நீங்க குட்த்ததுல வெள்ளி ஒரு பொட்டு இல்ல. அத்தினியும் செம்பு. மெஷினு மெஷினுன்னு நின்னுகினு இருந்தீங்களா, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. கடைல கெடந்த ஒத்தக் கொலுச உருக்கி ஊதிட்டேன்." தீயில் போட்டேன் மச்சான், செம்பு வந்தது. உதயாவிடம் யாரிடமும் மூச்சுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். என் அண்ணன் எடுத்தது அசல் ஜரிகை என்று பரிமளா இந்தத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள், அந்தப் பெருமை அவளுக்கு இருக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆகவே மேலே என்னால் முடியாது என்று எழுதியதை அடித்துவிடவும். உங்கள் நிபந்தனையை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். அதே புடவை, அதே ஜரிகை, அதே தரம். எங்கே எடுத்தீர்கள் என்று மட்டும் மணவாளனிடம் சொல்லியனுப்புங்கள், அது என் பென்ஷனுக்குள் வரும் என்று இப்போது நம்பிக்கை வந்துவிட்டது. அல்லது, உங்களுக்கு எதற்குச் சிரமம், பரிமளாவை மணவாளன் வண்டியிலேயே முன்சீட்டில் உட்காரவைத்து அனுப்பிவிட்டாலும் சரி. மிச்சப் புடவை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தீயில் போட்டுப் பார்க்க இன்னும் இரண்டு பக்கக் கரையும் பாக்கி, சாவி என்னிடம் இருக்கிறது.