அது என் சிரிப்பு இல்லை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, முதியோர் இல்லத்தின் கீழ்த்தள வார்டிலிருந்து மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதுமுன் சில விளக்கங்கள் தேவைப்படுகின்றன. தாங்களும் என் மகளும் பிள்ளைகளும் விளக்கம் எதுவும் இல்லாமலே நலமாக இருக்க வேண்டுகிறேன். இதை என் மகளிடம் படித்துக் காட்ட வேண்டாம். முதலில் அழுவாள், பாதியில் சிரிப்பாள். இரண்டையும் தாங்கள்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

சென்ற முறை வந்திருந்தபோது, "மாமா, முகத்துல ஒரு களை வந்திருக்கே! இந்த இடம் உங்களுக்கு ஒத்துக்கிச்சு" என்று சொன்னீர்கள். என் மகளும், "அப்பா சிரிச்சா இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். இந்த வயதில் இப்படி ஒரு பேச்சு யாருக்குக் கசக்கும்? நானும் நம்பிவிட்டேன். மாப்பிள்ளை, அந்தக் களை என்னுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் பல் செட்டின் லட்சணம் தங்களுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை பேசினால் அது இரண்டு வார்த்தை பேசும். தும்மல் வந்தால் கையை வாயருகே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டது ஒரு நாள் காலையில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துகொண்டது. ஆயா புதிதாக ஏதோ பவுடர் போட்டுக் கழுவுகிறாள் போலிருக்கிறது என்று அவளை வாயார வாழ்த்தினேன். ரொட்டியின் ஓரத்தைக் கடித்தேன், வறுத்த கடலையைக் கடித்தேன், தாங்கள் வாங்கி வந்த ஆப்பிளை நறுக்காமல் முழுதாகக் கடித்தேன். எங்கள் வார்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. இருந்திருந்தாலும் புரை விழுந்த இந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்?

அதற்கு முந்தின நாள் மாலைதான் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவர் வந்திருந்தார். கீழே விழுந்து இடுப்பில் அடி, வலது கையில் மாவுக்கட்டு. மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டே வந்தவர். மறுநாளிலிருந்து அவர் சாப்பிடவில்லை. பல் செட்டை மாட்டிவிட்டால் துப்பிவிடுவார். ஈறெல்லாம் புண்ணாகி வாய் வீங்கிவிட்டது, பேச்சும் வெறும் குழறல். "ப… ப…" என்று எதையோ சொல்வார். "பால் கேக்கறாரு" என்று ஆயா ஓடிப்போய்க் கொண்டுவருவாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே சொல்வார். "இன்னும் வேணுமாம்" என்று அடுத்த டம்ளர் வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் இடது கையால் தட்டிவிட்டார். பால் முழுவதும் மேட்ரனின் வெள்ளை உடுப்பில். மூளை குழம்பிவிட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டினார்கள். மௌனசாமி என்று பெயரும் வைத்தாயிற்று. வாரத்துக்கு ஒருமுறை வரும் டாக்டர், கட்டிலில் தொங்கும் அட்டையைப் படித்துவிட்டு, "வீட்டை விட்டு வந்த ஏக்கம். சில பேருக்கு இப்படித்தான் ஆகும்" என்றார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

நான் செய்ததையும் கேளுங்கள். நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் என் வாயையே இமைக்காமல் பார்ப்பார். விரலை வேறு நீட்டுவார். எனக்கு எரிச்சலான எரிச்சல். "மேட்ரன், இந்த மனுஷன் இப்படிப் பார்த்தா எனக்குச் சோறு எப்படி இறங்கும்?" என்று புகார் செய்தேன். நடுவில் ஒரு திரையைக் கட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து "ப… ப…" என்று கேட்டுக்கொண்டிருக்கும். நாளாக நாளாக அதுவும் ஓய்ந்துபோனது.

கடைசியில் மூக்கு வழியாகக் குழாய் விடுவதென்று தீர்மானித்து, கையெழுத்துப் போட அவருடைய மகளை வரவழைத்தார்கள். அந்தப் பெண் வந்து, திரையை விலக்கி, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தேன். மௌனசாமி, எங்கிருந்துதான் பலம் வந்ததோ, எக்கி, தன் இடது கை விரலை என் வாய்க்குள்ளேயே விட்டுவிட்டார்! நான் போட்ட கூச்சலில் மேட்ரன் ஓடிவந்து, "பாத்தீங்களாம்மா, ஆளையே தாக்க ஆரம்பிச்சுட்டாரு" என்றார். அந்தப் பெண் அதைக் காதில் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"ஐயா, கொஞ்சம் சிரிங்க."

"என்னம்மா?"

"தயவுசெஞ்சு ஒரே ஒரு தடவை சிரிங்க."

அப்பாவுக்குக் குழாய் போட வந்த பெண் கண்ணில் நீரோடு இப்படிக் கேட்டால் என்ன செய்வது? சிரித்தேன்.

"இது எங்க அப்பாவோட சிரிப்பு."

விஷயம் இதுதான். அவருக்கு இளவயதில் ஓரத்தில் ஒரு தெத்துப்பல். அதைப் பார்த்துத்தான் அவர் மனைவி கல்யாணத்துக்கே சம்மதித்தாராம். அதனால் செயற்கைப் பல் கட்டும்போதும் அந்தத் தெத்துப்பல்லை அப்படியே வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார். அதுதான் என் வாயில் இருந்தது. அவர் கேட்டது பால் இல்லை மாப்பிள்ளை. பல்.

கழற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணே கழுவி அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். அவர் வாயை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு தெள்ளத்தெளிவாக, "ஏம்மா, எத்தனை நாளா சொல்றேன், உங்க யாருக்கும் காதே கேக்கலையா?" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "பசிக்குது." ஒருவரும் சிரிக்கவில்லை. மேட்ரனே போய்க் கஞ்சி கொண்டுவந்தார்.

செருப்புக் கடையில் காலம் தள்ளியவன் நான். விருந்து வீட்டு வாசலில் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவனை ஆயுள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், பசித்தவர் கண்ணெதிரே அவருடைய பல்லாலேயே தின்றிருக்கிறேன். பார்க்கக்கூடாதென்று திரையும் போட்டிருக்கிறேன். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆயாவை வேலையை விட்டு அனுப்புவதாகப் பேச்சு எழுந்தது. துணி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். "டாக்டர் வர்றதுக்குள்ள ஒருத்தியா எல்லாரையும் கழுவித் துடைச்சு உட்கார வைக்கணும். எல்லார் பல்லையும் ஒரே பேசின்ல போட்டுத்தான் கழுவினேன் தாத்தா. வேற என்ன பண்ணுவேன்?" நேரே மேட்ரன் அறைக்குப் போனேன். அப்போது என் வாயில் பல் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் எங்கோ துப்பி எறிந்த என் செட்டை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். பொக்கை வாயோடு அவளுக்காக வாதாடினேன். பாதி காற்றாகத்தான் வந்திருக்கும். வேறொரு நாளாக இருந்தால் "சரி தாத்தா, போய்ப் படுங்க" என்று தோளைத் தட்டி அனுப்பியிருப்பார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, புரியாததை மறுபடி சொல்லச் சொல்லி, நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "ரெண்டு ஆயாங்க வேலையை விட்டு நின்னுட்டாங்க ஐயா. வேற ஆள் தாங்கன்னு மேல கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். அவர் கண்ணும் கலங்கியது.

ஆயா இருக்கிறாள். காலை வேளைக்கு இன்னொருத்தி வருகிறாள். பல் செட் போட்டுவைக்க ஆளுக்கொரு கிண்ணம், அதில் அவரவர் பெயர். டாக்டர் இந்த வாரம் ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்து, டார்ச் அடித்து எல்லார் வாயையும் பார்த்தார். என்னிடம் மட்டும், "நீங்க நல்லா சாப்பிடறதா அட்டையில இருக்கே?" என்றார். பழைய கதை டாக்டர் என்றேன். என் லொடலொடப் பல் என்னிடமே வந்துவிட்டது. கஞ்சிதான் குடிக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, பக்கத்துக் கட்டில்காரரின் தொல்லை தாங்காமல், என்னை உடனே அழைத்துப் போகும்படி போன கடிதத்தில் எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு வலது கை கூடும்வரை கஞ்சி ஊட்டுவது நான்தான். அவருக்கு நான் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தாங்களும் என் மகளும் பிள்ளைகளும் பல்லும் சொல்லும் குறையாமல் நீடூழி வாழ வேண்டுமென வாழ்த்தும்,

தங்கள் மாமனார்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் காரோடு வரவும். பெட்டி கட்டித் தயாராக இருப்பேன். பக்கத்துக் கட்டில்காரர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்டாக இருந்தவராம். கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை பேசுகிறார். கஞ்சி ஊட்டும் கரண்டிக்குக்கூட இடைவெளி விடுவதில்லை. இந்த வயதில் எனக்கு ஒரு பாலிசி எடுத்தே ஆக வேண்டுமாம். தப்பிக்க வேறு வழி தெரியாமல், மாப்பிள்ளைக்குத்தான் தேவை என்று சொல்லித் தங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டேன். கூப்பிடுவார். பாதியில் வைத்துவிடாதீர்கள் மாப்பிள்ளை. பாவம், முழுசாகக் கேளுங்கள்.