பொரி மிதந்த நீச்சல்குளம்

பாளையங்கோட்டை,
புதன்கிழமை.

அன்புள்ள மைத்துனர் தாணுமாலையனுக்கு, அத்தான் தில்லைநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே நலம். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர் என்பதால் கடிதம்.

உம் மருமகள் சித்ரலேகாவைப் பற்றித்தான். இரண்டாம் வகுப்புக்கு இந்த ஆண்டு வெள்ளிதோறும் பள்ளியில் நீச்சல். மூன்று வாரமாகக் குளத்தோரம் போனதுமே பிள்ளை ஏங்கி ஏங்கி அழுகிறாள். வேலிக்கு வெளியே நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வரும் வெள்ளியும் இறங்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவதாக மாஸ்டர் மணிராஜ் சொல்லிவிட்டார். லீவுக்கு உம்மூர் விக்கிரமசிங்கபுரம் வந்தால் பாபநாசம் ஆற்றுப் படித்துறையில் உம் தோளிலிருந்து குதிக்கிறவள், இங்கே ஏன் அழ வேண்டும்? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிரோ என்று கைவிட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. மருந்து வாடையோ என்று வீட்டுத் தொட்டியில் துளி பிளீச்சிங் பவுடர் கரைத்துப் பார்த்தேன், அவள் ஆனந்தமாகக் குளித்தாள், தெறித்ததில், உம் அக்காளுக்கு நீர் வாங்கிக் கொடுத்த சேலைதான் அவள் இடுப்பிலேயே வெளுத்தது. கடைசியில் அவளையே கேட்டேன்.

“இதுல ஒரு மீன்கூட இல்லையேப்பா. மீனுக்குப் பொரி போட்டுட்டுத்தான் எறங்கணும்னு மாமா சொன்னாவ” என்றாள்.

மீனுக்கு நான் எங்கே போவேன்? பொரியாவது போடுவோம் என்று ஒரு பை வாங்கி வேலிக்கு மேலே வீசினேன். பொரி முழுகுமா? பிள்ளைகள் தலையில் ஒட்டி, தண்ணீர் போகிற வழியை அடைத்து, வகுப்பே நின்றுபோயிற்று. “என்ன அண்ணாச்சி, இது கோயில் தெப்பக்குளமா? இம்புட்டுப் பொரியையும் யாரு அள்ளுதது?” என்றார் மணிராஜ். நான்தான் அள்ளினேன். சித்ரலேகா முன்னைவிடப் பெரிதாக அழுதாள். எல்லாவற்றுக்கும் நீரே காரணம். வெள்ளிக்கிழமை வந்து, மீன் இல்லாத தண்ணீரும் தண்ணீர்தான் என்று உம் வாயாலேயே சொல்லிவிட்டுப் போம்.

காந்திமதியம்மை உமக்கு நல்ல புத்தியும் எனக்கு நல்ல தூக்கமும் தரட்டும்.

இப்படிக்கு,
தில்லைநாயகம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். “மீனுக்கு அழலப்பா. நீங்க ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தீய, அதான் அப்படிச் சொன்னேன். நான் எறங்கப் போகும்போதெல்லாம் நீங்க அங்கன நின்னு அழுதீய. அதப் பாத்துத்தான் எனக்கும் அழுகை வருது” என்கிறாள். எனக்கு நீச்சல் தெரியாதது உமக்குத் தெரியும், பிள்ளை தண்ணீரில் கால் வைக்கப் போனாலே எனக்குப் பதறும். வெள்ளிக்கிழமை கட்டாயம் வாரும். பிள்ளை தானே இறங்கிவிடுவாள். வகுப்பு முடியும்வரை என்னை வீட்டில் பிடித்துவைக்க உம் அக்காள் ஒருத்தியால் ஆகாது.